டிரா ஆனாப் போதும்

எங்கண்ணனுக்கு மேனேஜர் வேலை பாக்கத் தெரியலன்னு என் கடையில ஒக்காந்து, நான் போட்ட டீயக் குடிச்சுக்கிட்டே பேசுவாக. நானும் கேட்டுக்கிட்டே ஆத்திக்கிட்டிருப்பேன். வேற என்ன செய்ய? எனக்கு ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் வடைச்சட்டி, பின்னாடி பாய்லர். வெளிய வரணும்னா பெஞ்சுல இருக்குறவக எந்திரிச்சு வழி விட்டாத்தான் உண்டு. எந்திரிக்கிறவகளா அவக?

நான் பொறந்த ஊரு உத்தரகோசமங்கைக்குத் தெக்க. வாக்கப்பட்டது நயினார்கோவில் பக்கம். பஸ்ஸுல ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா வந்துரும், அம்புட்டுத் தூரந்தான். ஆனா ரெண்டு ஊருக்கும் ஆகாது. நெலத்தகராறு, கோயில் தகராறுன்னு நெனச்சுறாதீக. எல்லாம் ஃபுட்பால் தகராறு. நான் கல்யாணமாகி வாரதுக்கு முன்னாடியே ஒரு மேட்ச்ல பந்து கோட்டத் தாண்டுச்சா தாண்டலையான்னு ஆரம்பிச்சது. அதுக்கப்பறம் எத்தனையோ வாட்டி கண்மாய் நெறஞ்சு வத்திருச்சு, அந்தப் பேச்சு மட்டும் வத்தல.

அறுப்பு முடிஞ்சு, மொளகாயும் எடுத்து, கண்மாயில தண்ணி இல்லாமப் போச்சுன்னா பயலுக உள்ள எறங்கிருவாங்ய. கருவேல முள்ளப் பெறக்கி ஓரமா ஒதுக்கிட்டு, கம்ப ஊண்டிட்டா அதுதான் கிரவுண்டு. எங்க பக்கத்து ஊரு டீமெல்லாம் சேந்து ஒரு லீக் நடத்துறாக. அதுல ரெண்டு பிரிவு, மேல ஒன்னு, கீழ ஒன்னு. வருசக் கடைசியில மேல் பிரிவுல யாரு அடிமட்டத்துல நிக்கிறாகளோ அவக கீழ இறங்கணும். இறங்குன ஊரு ஆம்பளைக சந்தைக்குப் போனாக்கூட நாலு பேரு கேப்பாக. அம்புட்டு ரோசம்.

எங்க வீட்டுக்காரரு இந்த ஊரு டீமுக்கு மேனேஜரு. எங்கண்ணன் அந்த ஊரு டீமுக்கு மேனேஜரு, கோச்சு, பந்துக்குக் காத்தடிக்கிறது எல்லாமே அதுதான். என்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் ஆஃப்சைடு பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தாக. மாப்பிள்ளை என் மூஞ்சியப் பாத்தாரான்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகந்தான்.

அந்த வருசம் அண்ணனுக்கு நேரம் சரியில்ல. முன்னால நின்னு கோல் போடுற பய திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். கோல்கீப்பர் வண்டியில விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டான். அண்ணனும் ஆளை மாத்தி மாத்தி நிறுத்திப் பாத்துச்சு, ஒன்னும் வேலைக்காகல. வாராவாரம் தோத்து, கடைசி மேட்ச் வரைக்கும் அடிமட்டத்துல வந்து நின்னுச்சு. அந்தக் கடைசி மேட்ச் யாரோடன்னா, எங்க ஊரோட. எங்க ஊரு நடுவுல எங்கனயோ இருந்துச்சு. செயிச்சாலும் தோத்தாலும் எங்களுக்கு ஒன்னுமில்ல. அவகளுக்கு டிரா ஆனாப் போதும், தப்பிச்சுருவாக.

கடையில பேச்சுக் கேக்கணுமே. சவுதியிலருந்து லீவுக்கு வந்திருந்த என் கொழுந்தன் தெனம் செல்போன நீட்டிக்கிட்டே ஆரம்பிப்பாப்ல.

"மதினி, இதப் பாத்தீகளா? இங்கிலாந்துல ஒரு கிளப்பு, ஒங்கண்ணன் டீமு மாதிரியே அடியில கெடக்குது. மேனேஜரத் தூக்கிட்டாங்ய. இங்க ஒங்கண்ணன யாரு தூக்குறது?"

"தூக்கிட்டு யாரப் போடுறது? அங்கன பந்துக்குக் காத்தடிக்கக்கூட வேற ஆளில்லப்பா"ன்னாரு கண்டக்டர் மாமா. என் மாமனாருக்குத் தம்பி முறை. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, ஊர்ல பந்து விசயத்துல அவரு சொல்றதுதான் சட்டம்.

"அஞ்சு பேரக் கொண்டுபோயிப் பின்னாடி நிறுத்துறாரே சித்தப்பா, அது ஆட்டமா, களத்துமேட்டுக் காவலா?"

"பின்னாடி நிறுத்துனாக்கூடப் பரவாயில்லடா. அந்த எடதுபக்கம் நிக்கிறவன் ஓடி நான் பாத்ததே இல்ல. பங்காளி மகன்னு வச்சிருக்கான். கேட்டா தரை சரியில்லங்கிறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அவரு என்னதான் செய்வாரு? சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்"னு பெஞ்சுக் கடைசியில யாராவது எங்கண்ணனுக்கு ஏந்துக்கிட்டுப் பேசுனா, அன்னைக்கு அவகளுக்கு வடை கொஞ்சம் பெருசா வைப்பேன். அம்புட்டுத்தான் என்னால முடிஞ்சது.

கொடுமை என்னன்னா, பேசுறதோட விடமாட்டாக. "நீ என்ன ஆத்தா சொல்ற?"ன்னு என்னய இழுப்பாரு கண்டக்டர் மாமா. அண்ணனுக்குப் பரிஞ்சு பேசுனா, 'பாத்தியா, பொறந்த வீட்டுப் புத்தி போகுதா'ம்பாக. அண்ணன் செஞ்சது தப்புத்தான்னு சொன்னா, 'கூடப் பொறந்தவன விட்டுக்குடுத்துட்டாளே'ம்பாக. எப்பிடிச் சொன்னாலும் என் தலைதான் உருளும். "மாமா, ஒங்களுக்குச் சீனி கொறைக்கவா?"ன்னு கேட்டு வாய அடைச்சுருவேன். உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரியும். இவக ஒருத்தர்கூட ஒரு நாளு கண்மாயில எறங்கிப் பந்தத் தொட்டதில்ல. எங்கண்ணன் முட்டி போற வரைக்கும் ஆடுனவன். முட்டி போனப்பறமும் வெயில்ல நின்னு பயலுகளுக்குக் கத்துக்குடுக்குறவன்.

இதுல மேட்ச் மட்டும்னா நானும் போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். மேட்ச் ஞாயித்துக்கெழம. அது முடிஞ்சு மூணாம் நாளு, புதங்கெழம, எங்க குலசாமி கோயில்ல என் மகளுக்குக் காதுகுத்து. ஜோசியரு நாள் குறிச்சுக் குடுத்தப்ப லீக்குக்காரவக கடைசி மேட்ச்ச எப்ப வைப்பாகன்னு யாருக்குத் தெரியும்?

எங்க வழக்கத்துல காதுகுத்துன்னா தாய்மாமன் இல்லாம ஆகாது. மாமன் சீர் எடுத்து வரணும். அவுகள ஊர் எல்லையிலயே மேளம் அடிச்சு, மாலை போட்டுக் கூட்டிட்டு வரணும். மாமன் மடியில பிள்ளைய ஒக்கார வச்சாத்தான் ஆசாரி காதுல கைய வைப்பாரு. எனக்குக் கூடப் பொறந்தது அந்த ஒத்த அண்ணந்தான். அய்யா செத்தப்பறம் என்னயக் கட்டிக்குடுத்ததும் அதுதான், என் மகளுக்கு மொத மொத நகை போட்டதும் அதுதான்.

போன் போட்டேன். "அண்ணே, புதங்கெழம வந்துருவேல்ல?"ன்னேன்.

 அண்ணன், "இங்கேரு, டிரா ஆனாப் போதும். தப்பிச்சுட்டோம்னா தலைய நிமுத்திக்கிட்டு வருவேன். இறங்கிட்டோம்னா, மூணாம் நாளு ஒங்க ஊரு எல்லையில வந்து நிக்கிறேன்னு வையி. எனக்கு மாலையப் போட்டு மேளம் அடிப்பாக. அது மரியாதையா, நக்கலா?"ன்னுச்சு.

"அப்ப என் மகள யாரு மடியில வைக்கிறது?"

"பாப்போம்த்தா"ன்னு வச்சிருச்சு. பாப்போம்னா எங்க வீட்டுல வரலன்னு அர்த்தம். சின்னப்புள்ளையில திருவிழாவுக்குக் கூட்டிப்போன்னு கேட்டாலும் அதே 'பாப்போம்'தான். அன்னைக்கு மொளகா வத்தல் கெளறிவிடப் போனவ, வெயில்ல நின்னு அழுதேன். காரத்துல கண்ணு எரியுதுன்னு நெனச்சுக்கிட்டாக எல்லாரும்.

வெள்ளிக்கெழம மத்தியானம் கடைக்கு எங்க வீட்டுக்காரரும், கண்டக்டர் மாமாவும், கொழுந்தனும் ஒன்னா வந்தாக. பேச்சுல வழக்கமான சத்தம் இல்ல. டீயக் குடிச்சுட்டு கண்டக்டர் மாமாதான் ஆரம்பிச்சாரு.

"ஆத்தா, நாங்க ஒரு முடிவு பண்ணிருக்கோம். ஞாயித்துக்கெழம டிரா பண்ணி விட்டுருவோம்."

எனக்கு ஒன்னும் வெளங்கல. "யாரு விடுறது?"ன்னேன்.

"நாங்கதான். பயலுகட்ட சொல்லியாச்சு. ரெண்டு பக்கமும் கோல் விழாது."

எங்க வீட்டுக்காரரு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "ஒனக்காகத்தான். நீ ராத்திரியெல்லாம் பொரண்டு படுக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒங்கண்ணன் சந்தோசமா வரட்டும், பிள்ளைக்கு நல்லபடியாக் காது குத்தட்டும்."

நல்ல மனசுதான். இல்லன்னு சொல்லல. ஆனா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "எங்கண்ணனுக்குப் பிச்சை போடுறீகளா?"ன்னு கேட்டுட்டேன்.

"ஏ ஆத்தா, இது எப்பிடிப் பிச்சையாகும்?"னாரு கண்டக்டர் மாமா. "பந்தியில சம்பந்தகாரவுக இலையில அப்பளம் ஒன்னு சேத்து வைக்கிறதில்லையா? கேட்டா வைக்கிறோம்? நம்ம வீட்டுக்குச் சீர் கொண்டு வாரவன், நம்மளும் ஒரு மரியாதை செய்ய வேணாமா? அப்பறம் அவக கீழ இறங்கிட்டா அடுத்த வருசம் நாங்க யாரோட மல்லுக்கட்டுறது?"

"அப்பளம் வேற, ஆட்டம் வேற மாமா. அது தெரிஞ்சா எங்கண்ணன் நாண்டுக்கிட்டுச் செத்துரும். வேணாம்."

"யாரு சொல்லப்போறா? நீ சொல்லாம இருந்தாச் சரி. ஒன்ட்ட நாங்க கேக்கல, விவரம் சொல்றோம்"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரரும் பின்னாடியே போயிட்டாரு. கொழுந்தன் மட்டும், "கவலப்படாதீக மதினி, நம்ம பயலுக நல்லா நடிப்பாங்ய"ன்னாப்ல. நடிப்பாங்யளாம்.

அன்னைக்கும் மறுநாளும் செல்போனக் கையில எடுக்குறதும் வைக்கிறதுமா இருந்தேன். அண்ணன்ட்ட சொல்லிறலாம். சொன்னா அது டீமக் கூட்டிட்டே வராது, எனக்குத் தெரியும். வரலன்னா தோத்த கணக்கு, இறங்கிரும், காதுகுத்துக்கும் வராது. சொல்லலன்னா அது தப்பிச்சுரும், தலைய நிமுத்திக்கிட்டு எல்லைக்கு வரும், இந்த ஊரே வாய்க்குள்ள சிரிச்சுக்கிட்டு மேளம் அடிக்கும். ரெண்டு பக்கமும் தீ வச்ச குச்சியில மாட்டுன எறும்புங்கிறாகளே, அந்த எறும்புக்காவது கீழ விழுந்துறலாம்னு ஒரு வழி இருக்கு. எனக்கு அதுவும் இல்ல. இந்த வீட்டுலதான இருந்தாகணும். கடைசி வரைக்கும் போன் போடல.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க கண்மாய்க் கரையில நிக்க எடமில்ல. நானும் மகளக் கூட்டிக்கிட்டுப் போயி, எங்க ஊரு டீம் ஒக்காருற எடத்துக்கு மேல, கரையில நின்னேன். கரையில பாதிப் பேருக்கு விசயம் தெரிஞ்சிருந்துச்சு. ஊரு வாய மூட ஒலமூடியா இருக்கு? எங்கண்ணனுக்கு மட்டுந்தான் தெரியாது. அது எதுத்தாப்ல கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னுச்சு.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. நடிப்பாங்யன்னாரே கொழுந்தன், அந்த நடிப்பப் பாக்கணும். எங்க ஊருல ஒரு பய, ஓடுற காளையையே மறிச்சு நிறுத்துறவன், பந்து காலுக்குப் பக்கத்துல போகுது, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான். இன்னொருத்தன் ஆளில்லாத கோலுக்கு முன்னால நின்னு, வேணும்னே கருவேலங்காட்டுக்குள்ள ஒதைக்கிறான். ஒதைச்சுட்டு எங்க வீட்டுக்காரரத் திரும்பிப் பாக்குறான். கரையில கெக்கெக்கேன்னு சிரிப்பு. எனக்கு மண்ணுக்குள்ள போயிறலாம் போல இருந்துச்சு.

அண்ணனுக்குப் புரிஞ்சுபோச்சு. எப்பப் புரிஞ்சதுன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பயலுகளுக்குச் சத்தம் குடுத்துக்கிட்டே இருந்தது, நிறுத்திருச்சு. கட்டிருந்த கையப் பிரிச்சு இடுப்புல வச்சுச்சு. அப்பறம் பந்தப் பாக்கவே இல்ல. எங்க பயலுக மூஞ்சிய ஒவ்வொன்னாப் பாத்துச்சு.

ஹாஃப் டைம் விசில் ஊதுனதும் கிரவுண்டக் குறுக்க நடந்து நேரா எங்க வீட்டுக்காரர்ட்ட வந்துச்சு. நான் மேல நிக்கிறேன், அவக பேசுறது எல்லாம் கேக்குது.

"மாப்ள, ஒங்க பயலுக மத்தியானம் சாப்பிடலையா? ஒருத்தனும் ஓட மாட்டேங்குறான்"ன்னுச்சு.

எங்க வீட்டுக்காரரு சிரிச்சு மழுப்பப் பாத்தாரு. "வெயிலு மச்சான்"னாரு.

"வெயிலு எங்களுக்கும் அதே வெயிலுதான். இங்கேரு மாப்ள, ஆடச் சொல்லு. ஆடலன்னா நான் இப்பவே பயலுகள வண்டியில ஏத்திக்கிட்டுப் போறேன். தோத்ததா எழுதிக்க."

 கண்டக்டர் மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டு செருப்புல மண்ணத் தட்டிக்கிட்டிருந்தாரு. அண்ணன் திரும்புறப்ப கரைய அண்ணாந்து பாத்துச்சு. என்னயத்தான் பாத்துச்சு.  பாத்துட்டுப் போயிருச்சு.

அடுத்த பாதி நெசமாவே ஆடுனாங்ய. அண்ணன் டீமும் உசுரக் குடுத்துத்தான் ஆடுச்சு. அந்த எடதுபக்கத்துப் பய, ஓடவே மாட்டான்னு இவக பேசுன பய, அன்னைக்கு நாக்குத் தள்ள ஓடுனான். கடைசி நேரத்துல ஒரு கார்னர். எங்க ஊரு பய ஒருத்தன் எக்கி, தலையால முட்டி உள்ள போட்டுட்டான். கொழுந்தன் விசிலடிக்க வெரல வாய்க்குக் கொண்டு போனாப்ல. சுத்திப் பாத்துட்டு வெரல எறக்கிட்டாப்ல. வருசக்கணக்கா இவக கும்புட்டுக்கிட்டு இருந்தது அதுதான், அந்த ஊரு கீழ இறங்கணும்னு. இறங்குன அன்னைக்குக் கரையில ஒரு சத்தமில்ல.

அண்ணன் எங்க பயலுக ஒவ்வொருத்தனுக்கும் கை குடுத்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் குடுத்துச்சு. கரைக்கு மட்டும் வரல. எம்மக 'மாமா, மாமா'ன்னு கத்துனா. வண்டி கெளம்பிப் போயிருச்சு.

திங்கக்கெழமயும் செவ்வாக்கெழமயும் அண்ணன் போன எடுக்கல. எங்க வீட்டுக்காரரும் என்ட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. கடையில பேச்சு மட்டும் நிக்கல. "தெரிஞ்சும் டிராவ வேணாம்னுட்டானே, இவன்லாம் ஒரு மேனேஜரா?"ன்னு ஒருத்தரு. "அவந்தாண்டா மேனேஜரு"ன்னு கண்டக்டர் மாமா. எனக்குத் தலை வலிச்சுச்சு.

புதங்கெழம காலையில கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஊர் எல்லையில போயி நின்னாக. மேளக்காரவக வந்துட்டாக. ஆசாரி கோயில்ல காத்துக்கிட்டிருந்தாரு. நல்ல நேரம் போய்க்கிட்டே இருக்கு, ரோட்டுல ஒரு வண்டியக் காணோம். "வரலன்னா இவ பெரியம்மா மகன் ஒருத்தன மாமன் முறைக்கு ஒக்கார வச்சுக்கலாம்"னு பொம்பளைக பேச ஆரம்பிச்சுட்டாக. எம்மக புதுப் பாவாடையக் கசக்கிக்கிட்டு நின்னா. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்.

வந்துச்சு. ஒரு மினிவேன். அண்ணன் மொதல்ல எறங்குச்சு, வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை. அது பின்னாடி அந்த டீமே எறங்குச்சு. இறங்கிப்போன அத்தனை பயலுகளும் வேட்டி கட்டிக்கிட்டு, ஆளுக்கொரு சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு நின்னாங்ய. மேளக்காரருக்கு அடிக்கலாமா வேணாமான்னு தெரியல. அவரு எங்க ஆளுகளப் பாக்குறாரு, எங்க ஆளுக தரையப் பாக்குறாக.

கண்டக்டர் மாமாதான் மாலையக் கையில எடுத்தாரு. "ஏலே, அடிங்கடா. எங்க வீட்டுக்குச் சீர் வருது"ன்னு சொல்லிட்டுப் போயி அண்ணன் கழுத்துல போட்டாரு. போட்டுட்டு, காதுல ஏதோ சொன்னாரு. அண்ணன் சிரிச்சுச்சு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

கோயில்ல அண்ணன் சம்மணம் போட்டு ஒக்காந்துச்சு. எம்மக ஓடிப்போயி மடியில ஏறிக்கிட்டா. நான் ஒரு பக்கம் குனிஞ்சு அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். இன்னொரு பக்கம் எங்க வீட்டுக்காரரு வெத்தலைத் தட்டோட நின்னாரு. ஆசாரி மொதக் காதக் குத்துனாரு. பிள்ள வீல்னு கத்துனா. அண்ணன் அவ தலைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் மட்டும் கேக்குற மாதிரி பேசுச்சு.

"ஏத்தா, அன்னைக்குக் கரையில ஒன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே எனக்காக மாப்ளட்டப் போயி அழுகாத. அவரு தங்கமான மனுசன். நீ அழுதேன்னு ஊரையே சரிக்கட்டிருக்காரு. அவரு மேல எனக்கு வருத்தமில்ல. நீதான் கேட்டுருக்கக் கூடாது. ஊருல யாரு என்ன பேசுனாலும் எனக்குப் பெருசில்ல. என்னால முடியாதுன்னு நீயே நெனச்சுட்டியேத்தா."

நான் எங்க வீட்டுக்காரர நிமுந்து பாத்தேன். அவருக்குக் கேட்டுச்சு. அவரு வாயத் தொறந்தாப் போதும். 'மச்சான், அவ கேக்கல, வேணாம்னுதான் சொன்னா'ன்னு ஒரு வார்த்தை. அவரு வெத்தலைய எடுத்து அடுக்குறதும், அடுக்குனதக் கலைக்கிறதுமா இருந்தாரு.

நான் சொல்லிருக்கலாம். சொன்னா மாப்ள மேல வருத்தமில்லன்னு சொன்ன வாயி அங்கனயே வேற பேசும். டீம் பயலுக அத்தனை பேரும் பின்னாடி நிக்கிறாங்ய. சீர்த்தட்டு இன்னும் தரையில வைக்கல. பிள்ளைக்கு இன்னொரு காது பாக்கி இருக்கு. ஆசாரி கம்பியத் தொடச்சுக்கிட்டு, "அந்தப் பக்கம் திருப்புங்க"ன்னாரு. அண்ணன் என் பதிலுக்காக என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

"இனிமே கேக்க மாட்டேண்ணே"ன்னேன்.